மூன்று ஒப்பந்த முறை, ஒரே மழைநீர்: நெடுஞ்சாலை வடிகால் வடிவமைப்பை யாரிடம் கொடுப்பது?

சாலைநேசன்:
வணக்கம். உரிமையாளர் தரப்பில் டெண்டர் ஆவணம் தயாரிக்கும் குழுவில் இருக்கிறேன். ஒரு நெடுஞ்சாலையை மூன்று பேக்கேஜாகப் பிரித்திருக்கிறோம். முதலாவது வழக்கமான முறை. வடிவமைப்பை நாங்களே முடித்து, அளவுப் பட்டியலோடு (ஒவ்வொரு வேலையும் எவ்வளவு என்று தனித்தனி உருப்படியாக எழுதிய பட்டியல்) டெண்டர் விடுகிறோம். இரண்டாவது டிசைன்-பில்ட்: வடிவமைப்பதும் கட்டுவதும் ஒரே ஒப்பந்ததாரர். மூன்றாவது கன்செஷன்: ஒரே நிறுவனம் வடிவமைத்து, கட்டி, 20 ஆண்டு பராமரித்து ஒப்படைக்க வேண்டும்.

பாலங்களுக்கும் தளத்துக்கும் தேவைகளை எழுதிவிட்டோம். வடிகால் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். எங்கள் குழுவில் ஒரு சாரார், "டிசைன்-பில்டில் எல்லாமே ஒப்பந்ததாரர் பொறுப்பு, சாலையில் தண்ணீர் தேங்கக் கூடாது என்று ஒரு வரி எழுதினால் போதும்" என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒவ்வொரு முறையிலும் வடிகாலில் எதை நாம் முடிவு செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம்? வேலை பார்த்த அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.

தளப்பணி:
ஒப்பந்ததாரர் பக்கத்திலிருந்து பேசுகிறேன். "தண்ணீர் தேங்கக் கூடாது" என்ற வரியை எங்களால் விலை போட முடியாது. எந்த மழைக்கு? எத்தனை நிமிடம்? ஓரத்தில் அரை மீட்டர் நின்றால் தேக்கமா, ஒரு முழு லேன் மூழ்கினால்தான் தேக்கமா? ஐந்து நிறுவனங்கள் டெண்டர் போட்டால் ஐந்து அர்த்தம் வரும். அதில் மிகக் குறைவாக அர்த்தம் செய்துகொண்டவருக்கு வேலை கிடைக்கும். டிசைன்-பில்ட் வடிகாலில் நடக்கும் தகராறுகளில் பாதி இங்கேதான் முளைக்கிறது.

அளவிடக்கூடிய மாதிரி எழுதுங்கள். உதாரணமாக, 10 ஆண்டுக்கு ஒரு முறை வரும் மழையில் கெர்ப் (சாலையின் ஓரக் கல்) ஓரமாக ஓடும் நீர் வெளி லேனில் பாதிக்கு மேல் பரவக் கூடாது. 50 ஆண்டு மழையில் ஒவ்வொரு திசையிலும் ஒரு லேனாவது திறந்திருக்க வேண்டும். 100 ஆண்டு வெள்ளத்தில் மேல்புற நிலத்தில் நீர்மட்டம் இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. எண்களை உங்கள் சாலைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். எண் என்று ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மழைக்கணக்கு:
தளப்பணி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் அதற்கும் முந்திய ஒரு விஷயம் இருக்கிறது. அளவுகோலை எண்ணாக எழுதிவிட்டாலும், அந்த 10 ஆண்டு மழை எத்தனை கனமீட்டர் தண்ணீராகச் சாலைக்கு வரும் என்பதை யார் கணக்கிடுவது?

சின்ன நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு நாம் எல்லோரும் போடுவது ரேஷனல் முறை. 1851-ல் முல்வானி எழுதிய அதே அடிப்படை. வழிந்தோடும் விகிதம் (விழும் மழையில் நிலத்தில் இறங்காமல் ஓடிவரும் பங்கு), மழைச் செறிவு, பரப்பு மூன்றையும் பெருக்கி, செறிவை மணிக்கு மில்லிமீட்டரிலும் பரப்பை ஹெக்டேரிலும் வைத்து 360 ஆல் வகுத்தால் வினாடிக்கு இத்தனை கனமீட்டர் என்று வரும். இதில் வழிந்தோடும் விகிதம் என்பது ஒருவர் பார்வையில் எடுப்பது. தார்த்தளத்துக்கு 0.7 முதல் 0.95 வரை எடுக்கலாம் என்று அட்டவணையே அகலமாக விட்டிருக்கிறது. சாலைக்கு வெளியே இருக்கும் திறந்த நிலத்துக்கு இடைவெளி இன்னும் அதிகம். ஒருவர் 0.25 என்பார், அடுத்தவர் 0.5 என்பார், இருவருமே அட்டவணையைக் காட்டுவார்கள். வரும் தண்ணீர் இரண்டு மடங்கு மாறிவிட்டது. தண்ணீர் வந்து சேரும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டிப் போட்டால் மழைச் செறிவும் குறைந்துவிடும்.

டெண்டர் போட மூன்று மாதம் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு போட்டியாளரும் முழு நீரியலையும் புதிதாகக் கணக்கிடட்டும் என்று விட்டால், உண்மையில் நீங்கள் நடத்துவது யார் மழையைக் குறைவாக மதிப்பிடுகிறார் என்ற போட்டி. அதில் கவனமாகக் கணக்குப் போட்டவர் தோற்பார். இதை நான் மனதார எதிர்க்கிறேன். மழையளவு போட்டிக்கு உரிய பொருள் அல்ல. சாலைக்கு வெளியிலிருந்து வரும் நீரின் அளவை உரிமையாளர் கணக்கிட்டு, ஒவ்வொரு குறுக்கு வடிகால் இடத்துக்கும் ஓர் எண்ணாகக் கொடுக்க வேண்டும். மூன்று பேக்கேஜுக்கும் இது பொது.

வரைபலகை:
வடிவமைப்பு ஆலோசகராக ஒரு மாற்றுக் கருத்து. உரிமையாளர் நீரளவைக் கொடுத்துவிட்டால் அந்தப் பொறுப்பு முழுவதும் அவர் தலையில் விழுகிறது. எண் தவறானால் ஒப்பந்ததாரர் கை கழுவிவிடுவார். அதோடு, மலிவாகவும் நன்றாகவும் செய்யும் வழி ஒன்றை ஒப்பந்ததாரரின் வடிவமைப்பாளர் கண்டுபிடிக்கும் வாய்ப்பும் போய்விடும். டிசைன்-பில்ட் கொண்டுவந்ததே அதற்காகத்தானே?

மழைக்கணக்கு:
நியாயமான கேள்வி. அதனால்தான் "வெளியிலிருந்து வரும் நீர்" என்று பிரித்துச் சொன்னேன். வயல், காடு, ஊர் வழியாகச் சாலைக்கு வந்து சேரும் நீர் சாலையின் வடிவத்தைப் பொறுத்தது அல்ல. அதை யார் கணக்கிட்டாலும் ஒரே விடை வர வேண்டும், ஆகவே உரிமையாளர் கணக்கிடட்டும். சாலையின் மேல் விழும் நீர் அப்படி இல்லை. சரிவு, அகலம், நடுத்திட்டு, கெர்ப் இருக்கிறதா இல்லையா என்பதையெல்லாம் பொறுத்து அது மாறும். அவற்றை முடிவு செய்வது ஒப்பந்ததாரர், ஆகவே அந்தக் கணக்கு அவருடையது. திறமை காட்ட அங்கே ஏராளமான இடம் இருக்கிறது. குழாயா, திறந்த கால்வாயா, எத்தனை இடத்தில் நீரை இறக்குவது, எந்தச் சரிவில் கொண்டுபோவது, எல்லாமே அவர் கையில்.

ஒப்பந்தவாசி:
பொறுப்பு யார் தலையில் விழும் என்று வரைபலகை எழுப்பிய கேள்விக்கு, எல்லோரும் பார்த்துப் பழகிய ஃபிடிக் (சர்வதேச ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பு) மாதிரி ஒப்பந்தப் படிவங்களை வைத்துச் சொல்கிறேன். 1999-ல் சிவப்பு, மஞ்சள், வெள்ளி என்று வந்து, 2017-ல் மூன்றுக்கும் இரண்டாம் பதிப்பு வந்தது. பொதுவாகச் சொன்னால் சிவப்பில் உரிமையாளர் வடிவமைப்பு, மஞ்சளில் ஒப்பந்ததாரர் வடிவமைப்பு. வெள்ளியிலும் ஒப்பந்ததாரர்தான் வடிவமைக்கிறார், ஆனால் அபாயத்தில் பெரும்பகுதி அவர் மேல்.

மஞ்சளில், உரிமையாளரின் தேவைகள் ஆவணத்தில் பிழை இருந்து, அனுபவமுள்ள ஒப்பந்ததாரர் உரிய கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடித்திருக்க முடியாது என்றால், அவருக்குக் கூடுதல் காலமும் செலவும் உண்டு. வெள்ளியில் அந்தப் பாதுகாப்பு மிகக் குறுகலானது. ஒப்பந்ததாரர் சரிபார்க்கவே முடியாத தகவல், மாற்ற முடியாதவை என்று ஒப்பந்தமே சொல்லும் பகுதி போன்ற சிலவற்றுக்கு மட்டும் உரிமையாளர் பொறுப்பேற்பார். பத்து ஆண்டு நீரோட்டப் பதிவை மூன்று மாதத்தில் யாராலும் சரிபார்க்க முடியாது. எனவே வெள்ளிப் படிவத்தை எடுத்தாலும் நீரியல் எண்களை "மாற்ற முடியாதவை" பட்டியலில் வெளிப்படையாகச் சேர்ப்பதுதான் நேர்மை.

வடிகால்காரர்கள் கவனிக்காத ஒரு நுணுக்கமும் இருக்கிறது. சிவப்பிலும் மஞ்சளிலும் எதிர்பார்க்க முடியாத இயற்பியல் நிலைமை என்ற பிரிவு 4.12, நிலத்தடி நிலையையும் நீரியல் நிலையையும் உள்ளே சேர்க்கிறது, வானிலையை வெளியே தள்ளுகிறது. ஊற்று ஒன்று வெட்டுச் சரிவில் திடீரென்று கிளம்பினால் அது நீரியல் நிலை. கனமழை பெய்து அதே சரிவு கரைந்தால் அது வானிலை. தளத்தில் இரண்டும் ஒரே சேறாகத்தான் தெரியும். எது என்பதை நிரூபிக்க, தொடக்கத்திலேயே பதிவு செய்த நிலத்தடி நீர்மட்டம் வேண்டும். ஆய்வுக் குழிகளில் நீர்மட்டம் அளக்கும் வேலையை டெண்டருக்கு முன்பே தொடங்கி, ஒரு மழைக்காலமாவது பதிவு எடுங்கள்.

பராமரிப்பாளன்:
யாரும் இன்னும் காலத்தைப் பற்றிப் பேசவில்லை. 50 ஆண்டு மழைக்கு வடிவமைத்த சிறுபாலம் (சாலைக்கு அடியில் நீரைக் கடத்தும் குறுக்கு வடிகால்) போதாமல் போகும் வாய்ப்பை வைத்துப் பாருங்கள். எந்த ஓர் ஆண்டிலும் அதைத் தாண்டும் மழை வரும் வாய்ப்பு 2%. குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (கட்டி முடித்தபின் பழுதை ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம்) 2 ஆண்டு என்றால், அதற்குள் ஒரு முறையாவது வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட 4%. 20 ஆண்டு கன்செஷனில் அதுவே 33%. பக்க வடிகாலை 10 ஆண்டு மழைக்கு வடிவமைத்தால், 2 ஆண்டில் 19%, 20 ஆண்டில் 88%.

ஆக, டிசைன்-பில்ட் ஒப்பந்ததாரர் சிறுபாலத்தைச் சிறியதாகக் கட்டிவிட்டு எந்தச் சிக்கலும் இல்லாமல் கிளம்பிவிட முடியும். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஒப்பந்தம் அவருக்குக் காட்டும் காலம் அவ்வளவுதான். கன்செஷன்காரர் தானாகவே கவனமாக இருப்பார், ஏனென்றால் அந்தத் தண்ணீரை அவரே சந்திக்கப் போகிறார். எனவே சாலைநேசன், உங்கள் கண்டிப்பான எண்களும் கடுமையான பரிசீலனையும் அதிகம் தேவைப்படுவது இரண்டாவது பேக்கேஜுக்கு. மூன்றாவதில் கொஞ்சம் கை தளர்த்தலாம்.

வரைபலகை:
மூன்றாவதில் தளர்த்தலாம் என்பதை நான் ஏற்கவில்லை. கன்செஷன்காரர் தனக்கு வரும் நஷ்டத்தைத்தான் கணக்கிடுவார். மேல்புறத்தில் அடுத்தவர் நிலம் மூழ்கினால் அது அவர் வரவு செலவில் வராது. மேல்புற நீர்மட்ட ஏற்றம், கீழ்ப்புறத்தில் விடும் நீரளவு, இந்த இரண்டுக்கும் மூன்று முறையிலும் ஒரே கண்டிப்பு வேண்டும்.

பராமரிப்பாளன்:
ஆமாம், அது சரி. சாலைக்குள் நடப்பதை மட்டும் தளர்த்தலாம் என்று திருத்திக்கொள்கிறேன்.

தளப்பணி:
டிசைன்-பில்டில் பணம் எங்கே மிச்சமாகிறது என்று தெரிந்தால் எங்கே காவல் போட வேண்டும் என்றும் தெரியும். முதல் மிச்சம் மண்வேலை. சாலையின் நீளவாட்டு மட்டத்தை அரை மீட்டர் இறக்கினால் பெரிய தொகை மிச்சம். உடனே சிறுபாலத்துக்கு மேல் இருந்த மண் உயரம் போய்விடுகிறது, அதனால் பெட்டி வடிவச் சிறுபாலத்தின் உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுகிறார்கள். பக்க வடிகாலின் சரிவும் போய்விடுகிறது. சரிவு பாதியானால் அதே குழாய் கொண்டுபோகும் நீர் சுமார் 30% குறையும். நீரோட்டத்தைக் கணக்கிடும் மேனிங் சூத்திரத்தில் சரிவு வர்க்கமூலமாக வருவதால் இந்தக் கணக்கு. குழாயைப் பெரிதாக்கினால் ஈடுகட்டலாம், அங்கே கணக்கு நமக்குச் சாதகம்: 600 மி.மீ. குழாயை 900 ஆக்கினால் அதே சரிவில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு நீர் போகும். ஆனால் 900 மி.மீ. குழாயைப் புதைக்க உயரம் வேண்டுமே, அதைத்தான் ஏற்கெனவே விற்றுவிட்டோம்.

எனவே நீளவாட்டு மட்டமும் வடிகாலும் தனித்தனிச் சமர்ப்பிப்பாக வரக் கூடாது. மட்டத்தை ஒப்புக்கொள்ளும் அதே நாளில் வடிகால் திட்டமும் மேசையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, வளைவில் சூப்பர் எலிவேஷன் (சாலையின் வெளிப்பக்கத்தை உயர்த்தும் குறுக்குச் சரிவு) மாறும் இடம். குறுக்குச் சரிவு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பும்போது ஓர் இடத்தில் பூஜ்யமாகும். அதே இடத்தில் நீளவாட்டுச் சரிவும் 0.5%-க்குக் கீழே இருந்தால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. வேகமாக வரும் காரின் டயர் தளத்தை விட்டு மிதக்க அந்தச் சில மில்லிமீட்டர் நீர்ப்படலமே போதும். இதைக் குழாயால் சரிசெய்ய முடியாது, சாலை வடிவத்தில்தான் சரிசெய்ய முடியும். வடிகால்காரர் கடைசியில் வந்து சேர்ந்தால் இதைச் சொல்ல நேரம் தாண்டியிருக்கும்.

ஒப்பந்தவாசி:
பரிசீலனை பற்றியும் ஒரு வார்த்தை. 1999 மஞ்சள் படிவத்தில் பரிசீலனைக் காலம் பொதுவாக 21 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்ததாரர் வேகத்துக்காக வடிகாலைத் துண்டு துண்டாக அனுப்புவார், துண்டு துண்டாகப் பார்த்தால் முழு அமைப்பையும் யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். முதலில் நீரியல் அறிக்கை, அடுத்து முழு நீளத்துக்கும் வடிகால் திட்டமும் சாலை மட்டமும் சேர்ந்து, அதன்பிறகே துண்டு விவரங்கள் என்று வரிசையை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். உங்கள் ஆட்கள் "எனக்கு இந்த மாதிரி கேட்ச் பிட் (நீர் இறங்கும் குழி) பிடிக்கும்" என்ற வகைக் கருத்து எழுதுவதையும் நிறுத்துங்கள். தேவை ஆவணத்தில் இல்லாத விருப்பத்தைத் திணித்தால் அது மாற்றமாகக் கணக்காகி பில் வரும், பொறுப்பும் குழம்பும்.

வடிவமைப்பாளரின் காப்பீட்டையும் படித்துப் பாருங்கள். ஒப்பந்ததாரர் "நோக்கத்துக்கு ஏற்றதாக இருக்கும்" என்று உறுதி கொடுக்கிறார். அவர் வைத்திருக்கும் ஆலோசகரோ "நியாயமான திறமையும் கவனமும்" என்ற அளவுக்குத்தான் பொறுப்பு, தொழில்முறைக் காப்பீடும் பெரும்பாலும் அதற்கு மட்டும்தான். சாலை மூழ்கினால் இந்த இடைவெளியில் பணம் காணாமல் போகும்.

சாலைநேசன்:
மிக்க நன்றி. எங்களுக்கு இன்னொரு தலைவலி: இரண்டாவது பேக்கேஜின் தண்ணீர் முதலாவது பேக்கேஜின் கால்வாய் வழியாகத்தான் ஆற்றுக்குப் போகிறது. இரண்டும் வேறு வேறு ஒப்பந்ததாரர், வேறு வேறு முறை. அப்புறம், முதலாவது பேக்கேஜ் எங்கள் வடிவமைப்பு என்பதால் அதில் சிக்கல் இல்லை என்றே குழுவில் எல்லோரும் நினைக்கிறார்கள்.

தளப்பணி:
முதலாவதில்தான் தற்காலிக வடிகால் அனாதையாகும். வரைபடத்தில் முடிந்த சாலையின் வடிகால் மட்டும் இருக்கும். மண்கரை பாதி ஏறியிருக்கும்போது மழை வந்தால் நீர் எங்கே போகும் என்று எந்தத் தாளிலும் இருக்காது. அளவுப் பட்டியலில் தனி உருப்படியும் கிடையாது, "இதர வேலைகளில் அடக்கம்" என்று ஒரு வரிதான் இருக்கும். பணம் இல்லாத வேலையை யாரும் முன்கூட்டிச் செய்வதில்லை. சப்கிரேடு (சாலைத் தளத்துக்கு அடியில் உள்ள மண் அடுக்கு) ஊறி, தோண்டி எடுத்து, மறுபடி போட்டு, அந்தச் செலவு யாருடையது என்று கடிதம் எழுதிக்கொண்டிருப்போம். தற்காலிக வடிகாலுக்கு, வண்டல் தடுப்புக்கு, தனித்தனி உருப்படி போடுங்கள். கட்டும் வரிசையையும் எழுதுங்கள்: நீர் வெளியேறும் முனையிலிருந்து மேல்நோக்கித்தான் வடிகால் கட்ட வேண்டும்.

மழைக்கணக்கு:
பேக்கேஜ்களுக்கு இடையே நீர் கடக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் அட்டவணை போடுங்கள். எத்தனை கனமீட்டர், கால்வாயின் அடிமட்டம் என்ன, அதிகபட்ச நீர்மட்டம் என்ன, எந்தத் தேதிக்குள் தயாராக இருக்கும். அதே அட்டவணை இரண்டு ஒப்பந்தத்திலும் ஒட்டப்பட வேண்டும். கீழ்ப்புறத்தார் அந்த நீரை ஏற்கக் கடமைப்பட்டவர், மேல்புறத்தார் அதற்கு மேல் அனுப்பக் கூடாதவர். டிசைன்-பில்ட்காரர் தன் வடிவமைப்பால் அளவைக் கூட்டினால் தன் எல்லைக்குள்ளேயே தேக்கிவைத்து மெதுவாக விட வேண்டும்.

இங்கே நிலம் வந்துவிடுகிறது. தேக்கக் குளத்துக்கு இடம் வேண்டும். பெரும்பாலான இடங்களில் நில எல்லையை முதலில் முடித்துவிட்டு வடிகாலைப் பிறகு பார்க்கிறார்கள். அப்போது குளத்துக்கு இடமே மிஞ்சாது, எந்த ஒப்பந்ததாரராலும் புது நிலம் வாங்க முடியாது. எந்த முறையானாலும் நில எல்லையை முடிவு செய்வதற்கு முன் வடிகாலின் கருத்து வடிவமாவது முடிந்திருக்க வேண்டும். கீழ்ப்புற ஆற்றில், ஏரியில் விட அனுமதி வாங்குவதும் அப்படித்தான். அதை டெண்டருக்கு முன் நீங்கள் வாங்கி வையுங்கள்.

வரைபலகை:
நீங்கள் சொல்லாத நான்காவது முறை ஒன்று உண்டு. உரிமையாளரே வடிவமைப்பாளரை வைத்திருப்பார், ஆனால் ஒப்பந்ததாரரை வடிவமைப்புக் காலத்திலேயே ஆலோசனைக்குச் சேர்த்துக்கொள்வார். அமெரிக்காவில் சிஎம்ஜிசி (கன்ஸ்ட்ரக்ஷன் மேனேஜர்/ஜெனரல் கான்ட்ராக்டர்) என்பார்கள். போக்குவரத்து ஓடிக்கொண்டே இருக்கும் சாலையை அகலப்படுத்தும்போது வடிகாலுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்பது என் கருத்து. சிறுபாலத்தைப் பாதி பாதியாகக் கட்டும்போது நடு இணைப்பு எங்கே வரும், முதல் பாதி முடிந்து இரண்டாம் பாதி தொடங்கும் வரை தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதையெல்லாம் கட்டப் போகிறவரே மேசையில் உட்கார்ந்து சொல்வார். வடிவமைப்புப் பொறுப்பு மட்டும் உரிமையாளரிடமே இருக்கும், அதை மறக்கக் கூடாது.

பராமரிப்பாளன்:
கன்செஷனுக்கு ஒரு விஷயம் விட்டுப்போனது. 20 ஆண்டில் சாலையின் இரு பக்கமும் கட்டடம் வரும். இன்று 0.3 என்று எடுத்த வழிந்தோடும் விகிதம் 0.7 ஆகிவிடும். அந்தக் கூடுதல் நீர் யார் பொறுப்பு? ஒப்பந்த நாளில் நீர்ப்பிடிப்புப் பகுதி எப்படி இருந்தது என்பதை வான்வழிப் படத்தோடு பதிவு செய்து இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். நீரளவு இத்தனை சதவீதத்துக்கு மேல் கூடினால் உரிமையாளர் ஏற்பார், அதுவரை கன்செஷன்காரர் ஏற்பார் என்று ஓர் எல்லை வையுங்கள். எல்லாவற்றையும் அவர் மேல் தள்ளினால் அதற்கும் சேர்த்துத்தான் விலை போடுவார்.

ஒப்படைக்கும்போது வண்டல் அளவு, குழாய்க்குள் கேமரா பரிசோதனை, இரண்டையும் நிபந்தனையாக்குங்கள். குறைந்தபட்சக் குழாய் அளவையும் எழுதுங்கள். கணக்குப்படி 300 மி.மீ. போதும் என்று வரும், ஆனால் சாலைக்கு அடியில் அதைச் சுத்தம் செய்ய முடியாது. வேகம் வினாடிக்கு 0.6 மீட்டருக்குக் கீழே போனால் வண்டல் தங்கிவிடும், அதையும் சேருங்கள்.

சாலைநேசன்:
குழுவில் இன்று பேசினேன். வெளியிலிருந்து வரும் நீரளவை மூன்று பேக்கேஜுக்கும் நாங்களே கணக்கிட்டு, மாற்ற முடியாத தகவலாகக் கொடுப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒரு வரி தேவை நீக்கப்பட்டு, பரவல் அகலம், திறந்திருக்கும் லேன், மேல்புற நீர்மட்டம் மூன்றும் எண்களாக உள்ளே போகின்றன. எல்லை அட்டவணையில் ஒரு சந்தேகம்: முதலாவது பேக்கேஜ் தாமதமாகி, கால்வாய் சொன்ன தேதியில் தயாராகாவிட்டால்?

ஒப்பந்தவாசி:
அது உரிமையாளர் பொறுப்புதான், இரண்டாமவருக்குக் காலமும் செலவும் கொடுக்க வேண்டிவரும். அதனால் இரண்டாவது ஒப்பந்தத்தில், கால்வாய் தயாராகாவிட்டால் கட்ட வேண்டிய தற்காலிக வெளியேற்றத்தை ஒரு மாற்று உருப்படியாக இப்போதே விலை வாங்கி வையுங்கள். டெண்டர் போட்டியில் கிடைக்கும் விலைக்கும் மழைக்காலத்துக்கு முந்தின வாரம் கேட்கும் விலைக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும். அந்த வெளியேற்றத்துக்கான நிலமும் உங்கள் எல்லைக்குள் இருக்கிறதா என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.